மருந்துக்கு வாசல் தேடிய பவுல் ஏர்லிக்

தலைவலிக்கு ஒரு மாத்திரையை விழுங்குகிறோம். அது வயிற்றில் கரைந்து, இரத்தத்தோடு கலந்து, உச்சி முதல் உள்ளங்கால் வரை செல்கிறது. தான் வேலை செய்ய வேண்டிய இடத்தை அது எவ்வாறு அறிந்துகொள்கிறது? உண்மையில் அது எதையும் அறிவதில்லை. எங்கும் செல்கிறது, தனக்குப் பொருந்தும் இடத்தில் மட்டும் பற்றிக்கொள்கிறது. அவ்விடங்களுள் பலவற்றை இன்று ஏற்பிகள் என்கிறோம். இவ்வெண்ணத்துக்கு வித்திட்டவர்களுள் முதன்மையானவர் பவுல் ஏர்லிக்.

இவர் 1854 மார்ச் 14 ஆம் நாள், அன்றைய பிரசியாவின் சிலேசியாப் பகுதியிலுள்ள ஸ்ட்ரேலன் என்னும் சிற்றூரில் யூதக் குடும்பமொன்றிற் பிறந்தார். அவ்வூர் இன்று போலந்து நாட்டில் உள்ளது. மருத்துவம் பயின்ற காலத்தில் பாடநூல்களைவிடச் சாயங்களே அவர் மனத்தைக் கவர்ந்தன. துணிகளுக்கு நிறமேற்றும் செயற்கைச் சாயங்களை உடலின் இழையங்களில் இட்டு, நுணுக்குக்காட்டியினூடாக நோக்கினார். ஒரு சாயம் ஒருவகைக் கலத்தை மட்டும் நிறமாக்கியது. அருகிலிருந்த கலத்தைத் தொடவேயில்லை. ஏன் இந்த வேறுபாடு? அவருடைய வாழ்நாள் ஆராய்ச்சி முழுவதும் இவ்வொரு வினாவிலிருந்து கிளைத்தது என்றே நாம் கருதுகிறோம்.

மாணவராயிருந்தபோதே அவர் கண்டு பெயரிட்டவை மாஸ்ட் கலங்கள். அவற்றினுள்ளே தெரிந்த மணிகளை உணவுச் சேமிப்பு என எண்ணியதால் அப்பெயரை இட்டார். அவ்வெண்ணம் சரியன்று. அம்மணிகளில் இருப்பது ஹிஸ்டமின் முதலிய பொருட்கள் எனப் பின்னாளில் தெரியவந்தது. வசந்த காலத்தில் பூந்தாது ஒவ்வாமையால் நம் பிள்ளைகள் தும்முவதற்கு இந்த ஹிஸ்டமின் தன் ஏற்பிகளிற் சென்று பொருந்துவதே பெருங்காரணம். அதற்கு நாம் கொடுக்கும் மாத்திரை, அவ்வேற்பிகளைத் தான் பிடித்துக்கொண்டு ஹிஸ்டமினுக்கு இடமில்லாமற் செய்கிறது.

1888 இல் ஏர்லிக்கையே காசநோய் பற்றியது. எகிப்து சென்று ஓய்வெடுத்து, நலம்பெற்றுத் திரும்பினார். 1891 இல் மெதிலீன் நீலம் என்னும் சாயத்தை மலேரியா நோயாளர் இருவருக்குக் கொடுத்துப் பயன் கண்டார். கிருமியை நிறமாக்கும் சாயம், அக்கிருமியைக் கொல்லவும் கூடும் என்னும் நம்பிக்கை இவ்வாறு உறுதிப்பட்டது. தொண்டைக் கரப்பானுக்குரிய நச்செதிர்ப்பு மருந்தை அளவிடும் முறையையும் அவர் வகுத்தார். 1897 இல், கலங்களில் பக்கச் சங்கிலிகள் உள்ளன என்றும், பூட்டும் திறவுகோலும் போல நச்சுப்பொருள் அவற்றிற் பொருந்துகிறது என்றும் விளக்கினார். நோயெதிர்ப்பு ஆராய்ச்சிக்காக 1908 ஆம் ஆண்டின் நோபல் பரிசு அவருக்கும் ரஷ்ய நாட்டவரான மெச்னிக்கோவுக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது.

இங்கு ஒன்றைக் கவனித்தல் வேண்டும். மருந்துகளுக்கும் ஏற்பிகள் உண்டு என்பதை ஏர்லிக் நெடுங்காலம் ஏற்கவில்லை. மருந்துகள் கலங்களிலிருந்து எளிதிற் கழுவப்பட்டு நீங்குகின்றனவே, அவை எவ்வாறு உறுதியாகப் பிணைந்திருக்கும் என்பது அவருடைய தடை. 1905 இல் கேம்பிரிட்ஜில் லாங்லி, நிக்கொட்டினும் குராரே நஞ்சும் தசையிலுள்ள ஒரே பொருளுக்காகப் போட்டியிடுகின்றன என்று காட்டினார். ஏர்லிக்கின் ஆய்வுகூடத்திலோ, ஒருவகை மருந்துக்கு அடங்காத திரிப்பனோசோம் கிருமிகள் வேறுவகை மருந்துக்கு மடிந்தன. வாசல்கள் வெவ்வேறானவை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? 1907 அளவில் தம் கருத்தை மாற்றிக்கொண்டார்.

பிராங்பேர்ட்டில், பிரான்சிஸ்கா ஸ்பையர் என்னும் பெருமாட்டியின் நன்கொடையால் எழுந்த ஆய்வகத்தில், ஆசனிக் கலந்த சேர்வைகளை அவர் குழுவினர் ஒன்றன்பின் ஒன்றாக ஆக்கினர். 606 ஆம் எண்ணுடைய சேர்வை பயனற்றதென முன்னரே ஒதுக்கப்பட்டிருந்தது. 1909 இல் யப்பானிலிருந்து வந்த சகாசிரோ ஹாட்டா அதனை மீண்டும் முயல்களிற் சோதித்தபோது, சிபிலிஸ் என்னும் கொடிய மேகநோயின் கிருமிகள் மறைந்தன. 1910 இல் சல்வர்சான் என்னும் பெயரில் அது விற்பனைக்கு வந்தது. அதற்கு முன்னரே ஏறத்தாழ 65,000 மருந்துக் குப்பிகள் மருத்துவர்களுக்கு இலவசமாக வழங்கப்பட்டிருந்தன.

ஆயினும் அது குறையற்ற மருந்தன்று. காற்றுப் பட்டாற் கெடும், கரைப்பது கடினம், சிலருக்குப் பெருந்தீங்கும் விளைந்தது. பழி முழுவதும் ஏர்லிக் மீது விழுந்தது. 1914 இல் வழக்கு மன்றத்திற் சாட்சி சொல்லவும் நேர்ந்தது. அவர்மீது அவதூறு கூறியவரே தண்டனை பெற்றார். எனினும் ஓயாத உழைப்பாலும், நாளொன்றுக்கு இருபத்தைந்து சுருட்டுவரை புகைத்த வழக்கத்தாலும் நலிந்திருந்த அவர் உடல் மீளவில்லை. 1915 ஓகஸ்ட் 20 ஆம் நாள் காலமானார். 1940களில் பென்சிலின் வரும்வரை அவர் தந்த மருந்தும் அதன் வழிவந்தவையுமே அந்நோயாளரைக் காத்தன.

நாசி ஆட்சியில், யூதர் என்பதற்காகப் பிராங்பேர்ட் வீதியொன்றிலிருந்து அவர் பெயர் அகற்றப்பட்டது. மனைவி எட்விக் நாட்டைவிட்டு வெளியேறி, 1948 இல் அமெரிக்காவிற் காலமானார். பின்னாளில் ஜேர்மனி அவரை மீண்டும் நினைவுகூர்ந்தது. 1990 முதல் யூரோ வரும்வரை அங்கு வழங்கிய 200 மார்க் தாளை நம் பெற்றோரிற் சிலர் கையில் எடுத்திருப்பர். அதன் முகப்பில் தாடியும் கண்ணாடியுமாகக் காணப்பட்டவர் இவரே. மறுபுறத்தில் ஒரு நுணுக்குக்காட்டி இருந்தது.