செம்பியன் மாதேவியார்: செல்வத்திடைத் திருத்தொண்டு

வறுமையுற்றார் இறைவனை நினைத்தல் அரிதன்று. துன்பமே அவரைத் திருவடிக்கண் உய்க்கும். செல்வத்திடை வாழ்வார் அவனை மறவாதிருத்தலே அரிது. யான், எனது என்னுஞ் செருக்குக்குப் பொருளும் அதிகாரமும் எருவாய் நிற்றலின் என்க. அவ்வரிய நெறியில் அறுபதாண்டு வழுவாது ஒழுகிய பெருமாட்டியார் ஒருவர் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

மழவரையர் மகளாராகிய செம்பியன் மாதேவியார், முதற் பராந்தக சோழரின் மைந்தர் கண்டராதித்தருக்கு வாழ்க்கைத் துணைவியாராயினார். தில்லைக் கூத்தப்பெருமான்மீது திருவிசைப்பாப் பாடி, ஒன்பதாந் திருமுறையாசிரியருள் ஒருவராய் விளங்கும் அரசர் இவரே. மாமனார் ஆட்சியிலே, கி. பி. 941 அளவில், அம்மையார் உய்யக்கொண்டான் திருமலைக் கோயிலுக்கு விளக்கொன்று வைத்தமை கல்வெட்டாற் புலனாகின்றது. அவ்வொரு விளக்கே பின்னர் நிகழ்ந்த பெருந்தொண்டுகட்கெல்லாம் முதலாயிற்று.

அம்மையார் கண்டது இன்பமே அன்று. 949இல் தக்கோலப் போரிற் கணவர்தந் தமையனார் இராசாதித்தர் பட்டனர். சோழர் வடபால் நாட்டை இழந்தனர். 957ஐ ஒட்டிக் கணவர் சிவபதம் எய்தினர். அரசுரிமையோ அரிஞ்சயர்பாலும் சுந்தரசோழர்பாலுஞ் சென்றது. 970ஐ ஒட்டியே மைந்தர் உத்தமசோழர் முடிபுனைந்தனர். 985இல் அரசு இராசராசரை அடைந்தது. இங்ஙனம் அரசர் அறுவர் காலத்தை அம்மையார் கண்டார். கைம்மை வந்துழித் தொண்டு தளர்ந்திலது. அரசமாதாவாய் உயர்ந்துழி அது செருக்காய்த் திரிந்ததும் இலது. ஆக்கத்தையும் கேட்டையும் ஒப்ப நோக்கும் உளநிலை இதுவன்றோ! இருவினையொப்பென நம் நூல்கள் கூறும் நிலையை நோக்கிச் செல்வார்க்கு இவ்வாழ்வு நல்லதோர் எடுத்துக்காட்டாம்.

திருநல்லம், திருமுதுகுன்றம், திருக்கோடிகா, தென்குரங்காடுதுறை, திருவாரூர் அரநெறி, திருத்துருத்தி முதலிய தலங்களில் அம்மையார் கற்றளிகள் எடுப்பித்தனர். அற்றேல், அரசமாதேவியார்க்குப் பொருள் உண்டு. பொருளுடையார் கோயிலெடுத்தலில் வியப்பென்னை? புகழ் விருப்பாலும் அது நிகழலாமன்றோ எனின், அறியாது கூறினாய். அம்மையார் செயலே அதற்கு விடையாகும்.

திருக்கோடிகாவிற் பழைய கோயிலைக் கற்றளியாக்கியபொழுது, அங்கே கிடந்த பழங் கல்வெட்டுக்களைப் படியெடுத்துப் புதுச் சுவரில் மீளப் பொறிப்பித்தனர். தமக்கு முன்னோர் செய்த அறம் தம் அறத்தின்கீழ் மறைந்தொழிதலை அவர் விரும்பிற்றிலர். திருநல்லத்துக் கற்றளியைக் கணவர் பெயரால் எடுப்பித்து, அவர் சிவலிங்கத்தை வழிபடும் உருவத்தை அங்கு அமைப்பித்தனர். அத்திருப்பணியை நின்று நடத்திய ஆலத்தூருடையான் சாத்தன் குணபத்தனுக்கும் அச்சுவரிலே உருவமும் பெயரும் உண்டு. பணம் தந்தார் புகழைத் தாமே கொள்ளாது பிறர்க்கும் பகுத்தளித்தல், எனதென்பது தேய்ந்த நெஞ்சினார்க்கன்றி இயலாதென்பது எம் கருத்து.

தம் பெயரான் அமைந்த செம்பியன் மாதேவி என்னும் ஊர்க் கோயிலில், அம்மையார் பிறந்த சித்திரைக் கேட்டை நாள் வழிபாட்டிற்கு மருமகளிராகிய உத்தமசோழர் தேவியர் நிவந்தம் அளித்தனர். 1001இலும் அம்மையார் வாழ்ந்திருந்தமை கல்வெட்டால் அறியப்படுகின்றது. 1019 அளவில் முதல் இராசேந்திரர் அக்கோயிலில் அம்மையார் திருவுருவை எழுந்தருளுவித்தனர். தம் புகழைத் தாம் தேடாதாரைப் பின்னோர் தேடிப் போற்றினமை காண்க.

திருக்கோயிற் பொருளும் திருமடத்துப் பொருளும் கைக்கொண்டு நடத்தும் பொறுப்புடையார் யாவரும் இவ்வரலாற்றை உளங்கொளல் வேண்டும். பொருளைத் துறத்தல் எல்லார்க்கும் விதித்ததன்று. அது தம்மதென்னும் எண்ணத்தைத் துறத்தலே எல்லார்க்கும் விதித்தது. முன்னோர் அறத்தை அழியாது காத்து, உடன் உழைத்தார் பெயரை மறையாது, தமக்கென ஒன்றும் வேண்டாது நிற்பராயின், செல்வமுஞ் சிவத்தொண்டேயாம்.