வேலை போன பேராசிரியைக்கு நோபல் பரிசு

அமெரிக்காவில், பாஸ்டன் நகருக்குப் பக்கத்தில் வெல்லஸ்லி என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே பெண்களுக்கென்று ஒரு கல்லூரி. 1875-ம் ஆண்டு திறக்கப்பட்டது. ஏரிக்கரை, புல்வெளி, பெரிய மரங்கள் என்று பார்க்கவே அழகான இடம்.

இந்தக் கல்லூரியில் 20 ஆண்டுகளுக்கு மேல் பொருளாதாரப் பாடத்தோடு இருந்த ஒரு பேராசிரியைக்கு 1919-ம் ஆண்டில் வேலை போயிற்று. அப்போது அவருக்கு வயது 52. அவர் மீது ஒழுக்கக் குற்றம் இல்லை. பாடம் சரியாக நடத்தவில்லை என்ற புகாரும் இல்லை. சண்டை வேண்டாம் என்று சொன்னார், அவ்வளவுதான்.

27 ஆண்டு கழித்து, அதே அம்மையாருக்கு சமாதானத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.

அவர் பெயர் எமிலி கிரீன் பால்ச். பரிசு ஒருபுறம் இருக்கட்டும். பிழைப்புத் தேடி ஊர்விட்டு ஊர் போனவர்களைப் பற்றி, அவர்களோடு தங்கி, அவர்கள் கிளம்பி வந்த கிராமத்துக்கும் போய்ப் பார்த்து எழுதியவர் அவர். வெளி மாநிலத்தில் வேலை பார்க்கும் நமக்கு அவர் கதை தெரிந்திருக்க வேண்டும்.

வக்கீல் மகள்

எமிலி 1867-ம் ஆண்டு ஜனவரி 8-ந்தேதி பாஸ்டன் பக்கம் ஜமைக்கா பிளெயின் என்ற இடத்தில் பிறந்தார். தந்தை வக்கீல். அடிமை முறையை எதிர்த்துப் போராடிய சார்லஸ் சம்னர் என்ற செனட்டருக்குச் செயலாளராக இருந்தவர். வீட்டில் வசதிக்குக் குறைவில்லை.

பென்சில்வேனியா மாநிலத்தில் பிரின் மார் என்ற பெண்கள் கல்லூரி புதிதாகத் தொடங்கியிருந்தது. 1889-ம் ஆண்டு அங்கே இருந்து பட்டம் பெற்று வெளிவந்த முதல் அணியில் எமிலியும் ஒருவர். உதவித்தொகை பெற்று பாரிஸ் சென்றார். ஏழைகளுக்கு பிரெஞ்சு அரசாங்கம் எப்படி உதவி செய்கிறது என்று ஆராய்ந்தார். அது 1893-ம் ஆண்டு புத்தகமாக வந்தது.

ஆனால் அந்த ஆராய்ச்சி பெரும்பாலும் காகிதத்தில் நடந்த ஆராய்ச்சி. சட்டம், அறிக்கை, கணக்கு. அதில் ஏழை என்பவர் ஓர் எண்ணாக வருவார். மனிதராக வரமாட்டார்.

ஊர் திரும்பிய எமிலி செய்த வேலை வேறு மாதிரி. பாஸ்டனில், வெளிநாட்டில் இருந்து வந்த ஏழைகள் நெருக்கியடித்து வாழ்ந்த பகுதியில், 1892-ம் ஆண்டு டெனிசன் இல்லம் என்ற சேவை இல்லம் திறக்கப்பட்டது. கல்லூரியில் படித்த பெண்கள் அங்கே குடியேறி, அக்கம்பக்கத்து மக்களோடு மக்களாக வாழ்ந்து உதவி செய்வது என்பது திட்டம். அதன் தொடக்கக் காலத்தில் பொறுப்பேற்று நடத்தியவர் எமிலி. தொழிற்சங்கக்காரர்களோடு பழக்கம் ஏற்பட்டதும் அந்தக் காலத்தில்தான்.

பிறகு சிகாகோவிலும் பெர்லினிலும் பொருளாதாரம் படித்தார். பெர்லினில் அன்று பெண்கள் முறைப்படி மாணவியாகச் சேர முடியாது. அனுமதி வாங்கிக்கொண்டு வகுப்பில் உட்கார்ந்து கேட்கலாம். அப்படிக் கேட்டுப் படித்தார்.

நாம் ஒருவர் நேரில் செய்யும் சேவை சிறியது, ஆனால் நூறு மாணவிகளுக்கு அந்த ஆர்வத்தை ஊட்டினால் அது பெரியது என்ற எண்ணத்தில் 1896-ம் ஆண்டு வெல்லஸ்லி கல்லூரியில் ஆசிரியை ஆனார்.

இப்படியும் ஒரு வகுப்பு

வெல்லஸ்லி போன்ற கல்லூரிகளில் பட்டப்படிப்பு ஒரு தொழிலுக்காகத் தரும் பயிற்சி அல்ல. இலக்கியம், வரலாறு, தத்துவம், விஞ்ஞானம் எல்லாம் படிக்க வேண்டும். அவற்றோடு ஒன்றாகப் பொருளாதாரம். கணக்கு எழுதவோ, டைப் அடிக்கவோ அங்கே சொல்லித் தருவதில்லை. நாடு எப்படிப் பிழைக்கிறது, யார் உழைக்கிறார்கள், பலன் யாருக்குப் போகிறது என்று யோசிக்கக் கற்றுத் தருவது நோக்கம்.

நம் ஊரில் பி.ஏ. பொருளாதாரம் படித்தவர்களுக்குத் தெரியும். தேவை விதி, அளிப்பு விதி, குறைந்து செல் விளைவு விதி. நோட்ஸ் வாங்கி மனப்பாடம் செய்து, தேர்வு எழுதி, மறுநாள் மறந்துவிடலாம். அரிசி விலை ஏன் ஏறுகிறது என்று வீட்டில் அம்மா கேட்டால் பட்டதாரிக்குப் பதில் வராது.

எமிலி பால்ச் வகுப்பில் இது நடக்காது. நூலகத்தில் படித்தால் மட்டும் போதாது, சம்பந்தப்பட்ட இடத்துக்கே போய்ப் பார்த்து விசாரித்தால்தான் சொந்தமாக ஒரு முடிவுக்கு வர முடியும் என்பது அவர் கொள்கை. வெல்லஸ்லியில் இருந்து பாஸ்டன் நகரம் ரெயிலில் சீக்கிரம் போய்வரக்கூடிய தூரம். ஏரிக்கரைக் கல்லூரியின் செல்வச் சிறுமிகள் தொழிலாளர் குடியிருப்புகளுக்குப் போய்ப் பார்த்து வந்து கட்டுரை எழுதினார்கள்.

அவர் நடத்திய பாடங்களின் தலைப்பே அன்று பலருக்குப் புதிது. தொழிலாளர் பிரச்சினை ஒரு பாடம். குடியேற்றம் ஒரு பாடம். சோஷலிசம் ஒரு பாடம். இதற்காக மாணவிகள் கார்ல் மார்க்சைப் படித்தார்கள். நுகர்வு பற்றியும் ஒரு பாடம் இருந்தது. நுகர்வு என்றால் பெரிய வார்த்தை. கைக்கு வந்த பணம் எங்கே போகிறது என்பதுதான். முதல் தேதி சம்பளம் வாங்கி, ஊருக்கு அனுப்பியது போக, வாடகை போக, மிச்சத்தில் மாதத்தை ஓட்டுகிறவர்கள் எல்லோரும் அந்தப் பாடத்தில் பேராசிரியர்கள்தான்.

1906-ம் ஆண்டு வாக்கில் தம்மை சோஷலிஸ்ட் என்று வெளிப்படையாகவே சொன்னார். நிர்வாகத்துக்கு அது கசந்தது. பதவி உயர்வு தாமதம் ஆயிற்று. 1913-ம் ஆண்டுதான் முழுப் பேராசிரியை ஆனார். அதுவும் 5 ஆண்டு ஒப்பந்தம். இந்த 5 ஆண்டு என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிழைக்க வந்தவர்கள்

அப்போது அமெரிக்காவுக்கு ஐரோப்பாவின் கிழக்கு, தெற்கு நாடுகளில் இருந்து கப்பல் கப்பலாக ஆட்கள் வந்து இறங்கினார்கள். போலந்துக்காரர், செக், ஸ்லோவாக், குரோஷியர், உக்ரைனியர். எல்லோரும் ஸ்லாவிய மொழிக்காரர்கள். பென்சில்வேனியா நிலக்கரிச் சுரங்கத்திலும் பிட்ஸ்பர்க் இரும்பு ஆலையிலும் உடம்பை முறிக்கும் வேலைகள் இவர்கள் தலையில் விழுந்தன.

இவர்களுக்குப் படிப்பு இல்லை, சுத்தம் இல்லை, குறைந்த கூலிக்கு வந்து நம் பிழைப்பைக் கெடுக்கிறார்கள் என்று முன்னால் வந்தவர்கள் பேசினார்கள். இந்தப் பேச்சு எந்த நாட்டிலும் எந்த ஊரிலும் ஒரே மாதிரிதான் இருக்கிறது. மும்பையிலோ, பெங்களூரிலோ இருக்கிற தமிழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

எமிலி கல்லூரியில் விடுப்பு எடுத்தார். 1905-ம் ஆண்டின் பெரும்பகுதியை ஆஸ்திரியா-ஹங்கேரியில் கழித்தார். ஆட்கள் கிளம்பி வரும் கிராமங்களுக்கே போனார். ஏன் புறப்படுகிறார்கள்? நிலம் பிள்ளைகளுக்குள் பிரிந்து பிரிந்து துண்டாகிவிட்டது. கடன் இருக்கிறது. போனவன் அனுப்பிய பணத்தில் பக்கத்து வீட்டுக்காரன் புது வீடு கட்டிவிட்டான். அதைப் பார்த்து இவனும் மூட்டை கட்டுகிறான்.

அமெரிக்கப் பணம் வந்த கிராமத்தில் நிலத்தின் விலை ஏறியது. ஆள் குறைந்ததால் கூலி ஏறியது. வயலில் பெண்களும் கிழவர்களும் வேலை செய்தார்கள். ராமநாதபுரம், திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமங்களை நினைத்துக்கொண்டால் படம் தெளிவாகத் தெரியும்.

அமெரிக்காவில் ஸ்லாவியர்கள் குடியிருந்த ஊர்களுக்கும் ஓர் ஆண்டுக்கு மேல் அலைந்தார். நியூயார்க்கில் ஒரு செக் தொழிலாளி வீட்டில் சில வாரம் பணம் கொடுத்துத் தங்கிச் சாப்பிட்டார். கல்லூரி ஆசிரியை, வக்கீல் மகள், தொழிலாளி வீட்டுச் சமையலைச் சாப்பிட்டுக்கொண்டு குறிப்பெடுத்தார்!

சுரங்க ஊர்களில் ஒரு வழக்கம் இருந்தது. கல்யாணம் ஆன ஒருவர் வீடு எடுப்பார். தனியாக வந்த ஊர்க்காரர்கள் பத்துப் பேர் அதில் தங்குவார்கள். வீட்டுக்காரியே அத்தனை பேருக்கும் சமைத்து, துவைத்துப் போடுவார். பகல் ஷிப்டு ஆள் எழுந்து போன படுக்கையில் இரவு ஷிப்டு ஆள் வந்து படுப்பார். வெளியே இருந்து பார்த்தவர்கள் அழுக்கு என்றார்கள். உள்ளே இருந்தவர்களுக்கு அது சேமிப்பு. ஒரே அறையில் எட்டுப் பேர் பாய் விரித்துப் படுத்து, தங்கைக்குக் கல்யாணம் செய்து வைத்தவர்கள் நம்மிலும் உண்டு.

1910-ம் ஆண்டு இவை எல்லாம் பெரிய புத்தகமாக வெளிவந்தன. தலைப்பிலேயே அவர் தம் கட்சியைச் சொல்லிவிட்டார். நமது ஸ்லாவிய சக குடிமக்கள் என்பது தலைப்பின் பொருள். அந்நியர் என்றோ, கூலிகள் என்றோ எழுதவில்லை. சக குடிமக்கள்!

அடுத்த ஆண்டு, அமெரிக்க அரசாங்கம் அமைத்த ஒரு கமிஷன் 41 தொகுதி அறிக்கை வெளியிட்டது. புதிதாக வருகிறவர்கள் பழையவர்களைவிட மட்டம் என்ற முடிவை நோக்கி அது சாய்ந்தது. 41 தொகுதிதான் வென்றது. 1921, 1924-ம் ஆண்டுச் சட்டங்கள் இந்த மக்களின் வரவை மிகவும் குறைத்துவிட்டன. ஆனாலும் இன்று அந்தக் கால வாழ்க்கையை அறிய விரும்புகிறவர்கள் எமிலியின் புத்தகத்தைத் தேடிப் படிக்கிறார்கள்.

போர் வந்தது

1914-ம் ஆண்டு முதல் உலகப்போர் மூண்டது. அடுத்த ஆண்டு ஏப்ரலில் ஹாலந்து நாட்டின் ஹேக் நகரில், 1,000-க்கும் மேற்பட்ட பெண்கள் கூடினார்கள். சண்டை போட்டுக்கொண்டிருந்த நாட்டுப் பெண்களும் அதில் இருந்தார்கள். எமிலியும் கப்பல் ஏறிப் போனார்.

மாநாட்டோடு அவர்கள் நிற்கவில்லை. நடுநிலை நாடுகள் இடைவிடாமல் சமரசம் பேச வேண்டும் என்ற திட்டத்தோடு, அரசாங்கத் தலைவர்களைப் பார்க்கக் குழு குழுவாகக் கிளம்பினார்கள். எமிலியின் குழு ஸ்காண்டிநேவிய நாடுகளுக்கும் ரஷியாவுக்கும் போயிற்று. திரும்பி வந்து அமெரிக்க ஜனாதிபதி வில்சனையும் சந்தித்தார். எல்லோரும் மரியாதையாகப் பேசி அனுப்பினார்கள். குண்டு வெடிப்பது நிற்கவில்லை.

1917-ம் ஆண்டு ஏப்ரலில் அமெரிக்காவே போரில் குதித்தது. அதுவரை சமாதானம் பேசியவர்களில் பலர் வாயை மூடிக்கொண்டார்கள். மூடாதவர்களைச் சட்டம் பாய்ந்து பிடித்தது. போருக்கு எதிராகப் பேசியதற்காக சோஷலிஸ்ட் தலைவர் யூஜீன் டெப்சுக்கு 10 ஆண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

எமிலி வாயை மூடவில்லை. கல்லூரியில் விடுப்பில் இருந்தபடி போர் எதிர்ப்புக் கூட்டங்களில் கலந்துகொண்டார். மனச்சாட்சிப்படி ஆயுதம் எடுக்க மறுத்தவர்களுக்கு ஆதரவு கொடுத்தார்.

1913-ம் ஆண்டு போட்ட 5 ஆண்டு ஒப்பந்தம் 1918-ம் ஆண்டு முடிந்தது. புதுப்பிப்பதா, வேண்டாமா என்று நிர்வாகக் குழு ஓர் ஆண்டு தள்ளிப்போட்டது. அதற்குள் போர் முடிந்துவிட்டது. ஆனால் கோபம் முடியவில்லை. 1919-ம் ஆண்டு, புதுப்பிப்பதில்லை என்று முடிவு செய்தார்கள்.

சக ஆசிரியைகளில் பலர் எமிலியின் பக்கம் நின்றார்கள். வழக்காடலாம், போராட்டம் நடத்தலாம். அவர் செய்யவில்லை. கல்லூரி நெடுநாள் பொறுத்துப் போயிற்று, அந்தப் பொறுமையைத் தாமே அளவுக்கு மேல் சோதித்துவிட்டோம் என்று எடுத்துக்கொண்டார். இது பெருந்தன்மைதான். ஆனால் நிர்வாகம் செய்தது சரி என்று ஆகிவிடாது. மாணவிகள் சொந்தமாக யோசிக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுக்கச் சம்பளம் தந்தார்கள். ஆசிரியை சொந்தமாக யோசித்தபோது அதை நிறுத்திவிட்டார்கள்.

அதன் பிறகு

அதே 1919-ம் ஆண்டு, சமாதானத்துக்கும் சுதந்திரத்துக்குமான மாதர் சர்வதேச சங்கம் உருவாயிற்று. எமிலி அதன் செயலாளராகி ஜெனீவா போனார். 1921-ம் ஆண்டு குவேக்கர் சமயப் பிரிவில் சேர்ந்தார்.

ஹைட்டி நாட்டை அமெரிக்கப் படை 1915-ம் ஆண்டு முதல் பிடித்து வைத்திருந்தது. 1926-ம் ஆண்டு எமிலியும் சேர்ந்து 6 பேர் கொண்ட குழு அங்கே போயிற்று. வெல்லஸ்லியில் சொல்லிக் கொடுத்த அதே முறை. நேரில் போ, விசாரி, எழுது. படையைத் திரும்பப் பெற வேண்டும் என்று அவர்கள் கொண்டுவந்த புத்தகம் வாதாடியது. 1934-ம் ஆண்டு படை வெளியேறியது.

ஹிட்லர் வந்தபோது அவருக்குச் சோதனை. வாழ்நாள் எல்லாம் போரை எதிர்த்தவர், இந்தப் போரை முன்போல் எதிர்க்க முடியாமல் தவித்தார். எதிர்க்கவும் இல்லை. அகதிகளுக்கு உதவினார். அமெரிக்காவில் ஜப்பானிய வம்சத்தவரை முகாம்களில் அடைத்தபோது அவர்கள் பக்கம் நின்றார்.

வேலை போன பிறகும் வெல்லஸ்லி ஊரை அவர் விட்டுவிடவில்லை. வெளிநாட்டில் இருந்து திரும்பினால் தங்குவது அங்கேதான். 1935-ம் ஆண்டு, முதல் உலகப்போர் ஓய்ந்த நாள் விழாவில் பேசுவதற்கு அந்தக் கல்லூரியே அவரை அழைத்தது. போனார், பேசினார்.

1946-ம் ஆண்டு சமாதானப் பரிசு அவருக்கும், ஜான் மாட் என்பவருக்கும் பாதி பாதியாகக் கிடைத்தது. அமெரிக்கப் பெண்களில் இந்தப் பரிசு பெற்றவர் அவருக்கு முன்னால் ஒருவர்தான். அவருடைய தோழி ஜேன் ஆடம்ஸ், 1931-ம் ஆண்டில். உடல்நிலை சரியில்லாததால் விழாவுக்குப் போக முடியவில்லை. 1948-ம் ஆண்டு ஆஸ்லோ சென்று உரை நிகழ்த்தினார். பரிசுப் பணத்தில் பெரும்பங்கைச் சங்கத்துக்கே கொடுத்துவிட்டார்.

எமிலி பால்ச் திருமணம் செய்துகொள்ளவில்லை. 1961-ம் ஆண்டு ஜனவரி 9-ந்தேதி, 94-வது பிறந்த நாளுக்கு மறுநாள், காலமானார். அவர் எழுதிய கடிதங்களும் குறிப்புகளும் பென்சில்வேனியாவில் ஸ்வார்த்மோர் என்ற கல்லூரியில் பாதுகாக்கப்படுகின்றன.