இயந்திரத்தை நம் பக்கம் திருப்பிய கிரேஸ் ஹொப்பர்

கிரேஸ் மறே 1906 டிசம்பர் 9ஆம் திகதி நியூயோர்க் நகரில் பிறந்தார். ஏழு வயதில் வீட்டிலிருந்த அலாரம் கடிகாரம் ஒன்றை, அது எப்படி ஒலிக்கிறது என்று பார்ப்பதற்காகக் கழற்றினார். திரும்பப் பூட்டத் தெரியவில்லை. அதைத் தெரிந்துகொள்ள அடுத்த கடிகாரத்தைக் கழற்றினார். இப்படியே ஏழு கடிகாரங்கள் கழன்ற பிறகுதான் தாயாருக்கு விசயம் தெரிய வந்தது. எங்கள் வீடுகளில் என்றால் அதன் பிறகு என்ன நடந்திருக்கும் என்று நான் எழுதத் தேவையில்லை. அந்தத் தாயாரோ, இனி ஒரு கடிகாரத்தை மட்டும் கழற்றலாம் என்று சொல்லி விட்டுவிட்டார். கழற்றவே கூடாது என்று சொல்லவில்லை என்பதைப் பெற்றோர் கவனிக்க வேண்டும்.

மகள்மாரும் மகனைப் போலவே படிக்க வேண்டும் என்பது அவருடைய தந்தையின் விருப்பம். பெண்களுக்கான வஸார் கல்லூரியில் கணிதமும் பௌதிகமும் கற்று 1928இல் பட்டம் பெற்றார். 1934இல் யேல் பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றார். வின்சன்ட் ஹொப்பரை மணந்ததால் கிரேஸ் ஹொப்பர் ஆனார். வஸாரிலேயே கணிதம் கற்பித்துக்கொண்டிருந்த அவர், உலகப் போர் வந்ததும் கடற்படையில் சேர விரும்பினார். வயது கூட, நிறையோ 15 இறாத்தல் குறைவு. விசேட அனுமதி பெற்று 1943 டிசம்பரில் சேர்ந்தே விட்டார்.

கடற்படை அவரைக் கப்பலுக்கு அனுப்பவில்லை. ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் இருந்த மார்க் 1 என்ற கணிப்பு இயந்திரத்திடம் அனுப்பியது. 51 அடி நீளம், 8 அடி உயரம் கொண்ட அந்த இயந்திரம் ஒரு செக்கனில் மூன்று கூட்டல்களைச் செய்தது. கட்டளைகளைக் காகித நாடாவில் துளைகளாகக் குத்திக் கொடுக்க வேண்டும். அதை வடிவமைத்த ஹோவர்ட் எய்க்கனுக்குப் பெண் அதிகாரி ஒருவர் வந்தது முதலில் பிடிக்கவில்லை. அதே எய்க்கன் பின்னர் இயந்திரத்துக்கான கைநூலை எழுதும் பொறுப்பை ஹொப்பரிடமே கொடுத்தார். 500 பக்கங்களுக்கு மேற்பட்ட அந்த நூல் 1946இல் வெளிவந்தது.

ஹொப்பர் என்றாலே பலருக்கு விட்டிற்பூச்சிக் கதைதான் தெரியும். 1947 செப்டெம்பர் 9ஆம் திகதி மார்க் 2 இயந்திரத்தின் ரிலே ஒன்றில் பூச்சியொன்று அகப்பட்டிருந்தது. அதைப் பதிவேட்டில் ஒட்டி வைத்தார்கள். பிழைக்குப் பூச்சி என்ற பெயர் அன்றிலிருந்து வந்தது என்பது சரியல்ல. எடிசன் காலத்துப் பொறியியலாளர்களிடமே அந்தச் சொல் இருந்தது. ஹொப்பர் அந்தக் கதையைச் சுவையாகச் சொல்லிப் பரப்பினார், அவ்வளவுதான். அவருடைய உண்மையான வேலையை ஒரு பூச்சி மறைத்துவிட்டதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்.

அந்த வேலை, பிறரின் கொப்பியைப் பார்த்து எழுதுவதில் தொடங்கியது. சைன் பெறுமானம் காண்பது போன்ற துண்டுச் செய்நிரல்களை ஹார்வர்டில் ஒவ்வொருவரும் தம் கொப்பியில் குறித்து வைத்திருந்தார்கள். தேவைப்படும்போது ஒருவர் மற்றவருடையதைப் பார்த்து எழுதிக்கொள்வார். எழுதும்போது பி என்ற ஆங்கில எழுத்து 13 ஆக மாறிவிடும். ஒவ்வொரு துண்டும் புதிய இடத்துக்குப் போகும்போது அதிலுள்ள முகவரிகளையும் கூட்டித் திருத்த வேண்டும். அந்தக் கூட்டலும் பிழைக்கும். பெரிய கணித மேதைகளுக்கும் பார்த்தெழுதவும் கூட்டவும் வராது என்று ஹொப்பர் கண்டுகொண்டார். இந்த இரண்டையும் பிழையில்லாமல் செய்யும் ஒன்று பக்கத்திலேயே நின்றது, அந்த இயந்திரம்தான்.

1949இல் பிலடெல்பியாவில், யுனிவக் கணினியைக் கட்டிக்கொண்டிருந்த எக்கர்ட்-மோக்லி நிறுவனத்தில் சேர்ந்தார். அங்கிருந்த பினாக் இயந்திரத்துக்காக, 0 முதல் 7 வரையான இலக்கங்களே உள்ள எண்ம முறையில் கூட்டவும் கழிக்கவும் பழகினார். பிறகு பார்த்தால் மாதாமாதம் வங்கிக் கணக்கு பொருந்தவில்லை. வங்கியில் வேலை பார்த்த தம்பி பல இரவுகள் இருந்து பார்த்துக் காரணத்தைக் கண்டுபிடித்தார்: அக்கா இடையிடையே எண்ம முறையில் கழித்திருந்தார்! உயர்தர வகுப்பில் எண்மத்திலிருந்து தசமத்துக்கு மாற்றிக் களைத்த எங்களுக்கு இது சிரிப்புக் கதை. ஹொப்பருக்கோ எச்சரிக்கை. மனிதர் இயந்திரத்தைப் போல நினைக்கப் பழகுவதா, இயந்திரம் மனிதரை நோக்கி வருவதா என்பதுதான் அவருக்குக் கேள்வி.

1952 அளவில் ஏ-0 என்ற தொகுப்பானை உருவாக்கினார். துண்டுச் செய்நிரல்களுக்கு இலக்கமிட்டுக் காந்த நாடாவில் வைத்தார். எந்த இலக்கம், எந்த ஒழுங்கு என்று சொன்னால் போதும். தேடுவது, பிரதி எடுப்பது, முகவரி திருத்துவது எல்லாம் கணினியின் வேலை. இன்று தொகுப்பான் என்று நாம் படிப்பதன் எல்லா வேலையையும் அது செய்யவில்லை. ஆயினும் கணினி தனக்குத் தானே செய்நிரல் கட்டும் என்பதைப் பலர் நம்ப மறுத்தார்கள். கணினிக்குக் கணக்கு மட்டுமே தெரியும் என்றார்கள். செய்நிரலாளர்களிலும் பலர் விரும்பவில்லை. கஷ்டப்பட்டுக் கற்ற வித்தை எல்லாருக்கும் இலகுவாகிவிட்டால் தங்கள் மதிப்பு என்னாவது என்ற பயமும் அதில் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். எங்கள் நானாவும் கூட்டாளிமாரும் இப்போதும் இதே சண்டைதான் பிடிக்கிறார்கள். சீ மொழியில் எழுதுகிறவருக்குப் பைதன் விளையாட்டு. பைதனில் எழுதுகிறவருக்கு, கணினியிடம் கேட்டு எழுதுவிப்பவர் செய்நிரலாளரே அல்ல.

அடுத்து, ஆங்கிலச் சொற்களாலேயே கட்டளை எழுதும் ஃபுளோ-மட்டிக் மொழியில் ஹொப்பரின் குழு இறங்கியது. பணம் கேட்டு நிர்வாகத்துக்கு மாதிரியொன்றைக் காட்டியபோது, சொற்கள் கணினிக்கு வெறும் குறியீடுகளே என்று நிரூபிப்பதற்காக அதே செய்நிரலைப் பிரெஞ்சுச் சொற்களிலும் ஜேர்மன் சொற்களிலும் ஓட்டிக் காட்டினார்கள். நிர்வாகம் மகிழவில்லை, அதிர்ந்துபோனது. அமெரிக்காவில் செய்த இயந்திரம் பிரெஞ்சும் ஜேர்மனும் விளங்குவதா? இனி ஆங்கிலம் மட்டுமே என்று வாக்குக் கொடுத்த பிறகுதான் காரியம் நகர்ந்தது.

தமிழ் மொழிமூலம் படிக்கும் எனக்கு இந்த இடத்தைத் தாண்டிப் போக முடியவில்லை. 1950களிலேயே திறந்து காட்டப்பட்ட கதவு அது. தமிழ்ச் சொற்களில் எழுதும் எழில் என்ற செய்நிரல்மொழி இன்று இருக்கத்தான் செய்கிறது. ஆனாலும், என் பார்வையில், இஃப், எல்ஸ், வைல் என்ற சொற்கள் பெரிய தடையல்ல. பைதனில் அப்படிப்பட்டவை சுமார் 35தான். ஒரு கிழமையில் பாடமாகிவிடும். பிழை வந்ததும் திரையில் விழும் ஆங்கில விளக்கமும், அதைத் திருத்தத் தேடிப் போனால் கிடைக்கும் ஆங்கில உதவிப் பக்கங்களும்தான் தமிழில் படிக்கும் பிள்ளையைத் திணறடிக்கின்றன. ஹொப்பரின் வாதத்தை அந்த இடம் வரை கொண்டுபோக வேண்டும்.

1959 மே மாதம் பெண்டகனில் கூடிய கூட்டத்தின் பின், எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான வணிக மொழியாகக் கோபோல் உருவானது. அவரைக் கோபோலின் தாய் என்பார்கள். உண்மையில் அதை ஒரு குழு வடிவமைத்தது. ஜீன் சமெற் போன்ற பெண்களும் அதில் இருந்தார்கள். ஹொப்பர் ஆலோசகர், அவருடைய ஃபுளோ-மட்டிக்கே பிரதான அடிப்படை. 1960 டிசம்பரில் ஏறக்குறைய ஒரே கோபோல் செய்நிரல் இரண்டு வெவ்வேறு நிறுவனங்களின் கணினிகளில் ஓடியது.

கோபோலைப் பலர் ஏளனம் செய்தார்கள். நெதர்லாந்து அறிஞர் டைக்ஸ்ட்ரா, அதைக் கற்பிப்பதையே குற்றமாகக் கருத வேண்டும் என்ற அளவுக்கு 1975இல் எழுதினார். அவர் பக்கத்திலும் நியாயம் உண்டு. கோபோல் வளவளவென்று நீளும். முகாமையாளர்கள் செய்நிரலை வாசித்து விளங்கிக்கொள்வார்கள் என்ற எதிர்பார்ப்பும் பெரிதாக நிறைவேறவில்லை. ஆனால் இயந்திரங்கள் பழசாகிக் கழிந்த பின்னும் செய்நிரல்கள் உயிரோடிருந்தன. 2020இல் கொரோனாக் காலத்தில் வேலையிழந்தோரின் விண்ணப்பங்கள் குவிந்தபோது, நியூ ஜேர்சி மாநில ஆளுநர் கோபோல் தெரிந்தவர்களை உதவிக்கு அழைக்க வேண்டியிருந்தது.

கடற்படை 1966இல் அவரை ஓய்வுக்கு அனுப்பியது. அடுத்த ஆண்டே கோபோலை ஒழுங்குபடுத்த ஆறு மாதத்துக்கென்று திரும்ப அழைத்தது. இடையில் சிறிது காலம் தவிர, அந்த ஆறு மாதம் 1986 வரை நீண்டது. ரியர் அட்மிரல் தரத்தோடு 79 வயதில் விலகினார். பழைய வழக்கம் என்ற ஒரே காரணத்துக்காக எதையும் தொடர்வது அவருக்குப் பிடிக்காது. அலுவலகச் சுவரில் எதிர்த்திசையில் ஓடும் கடிகாரத்தை மாட்டியிருந்தார்.

விரிவுரைக்குப் போகுமிடமெல்லாம் ஏறத்தாழ 30 சென்ரிமீற்றர் நீளமான கம்பித் துண்டுகளைப் பகிர்ந்து கொடுப்பார். ஒரு நனோ செக்கனில் மின்சைகை போகக்கூடிய மிகக் கூடிய தூரம் அது. மைக்ரோ செக்கன் என்றால் சுமார் 300 மீற்றர். அந்தச் சுருளைத் தூக்கிக் காட்டி, செய்நிரலாளர் அலட்சியமாக வீணாக்கும் நேரம் இவ்வளவு என்பார். 1992 ஜனவரி முதலாம் திகதி, 85 வயதில் காலமானார். அந்தக் கம்பிகளில் சில வாஷிங்டனிலுள்ள அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. பூச்சி ஒட்டிய பதிவேடும் அங்கேதான் இருக்கிறது.