ஏவலுக்கு எழுத்து நெறி வகுத்த பொறியாளர்

கத்தலான் மொழிக்கு இக்கால இலக்கணம் வகுத்த பொம்பேவு ஃபாப்ரா, 1868ஆம் ஆண்டு பார்சலோனாவை அடுத்திருந்த கிராசியாவில் பிறந்தார். வீட்டு மொழி கத்தலான். பள்ளியிலும் அரசிலும் கோலோச்சியது ஸ்பானியம். அவரோ தொழிலால் பொறியாளர். 1902 முதல் ஏறத்தாழப் பத்தாண்டுகள் பில்பாவோ நகரில் வேதியியல் கற்பித்தவர். மொழிநூலில் பட்டம் பெற்றாரல்லர். பட்டத்திற்கும் புலமைக்கும் உள்ள உறவைப் பற்றிப் பட்டம் பெற்ற நான் மிகுதியாகப் பேசுதல் முறையன்று.

அன்றைய கத்தலான் கவிஞர்கள் ஒவ்வொருவரும் தத்தமக்கென ஓர் எழுத்து முறை வைத்திருந்தனர். இக்குழப்பத்தை ஏவல் வினை ஒன்றைக் கொண்டே விளக்கலாம். ஒருவனைப் பாடச் சொல்வதற்குக் 'கான்த'. பலரை ஏவுவதற்குக் 'கன்தெவ்'. மரியாதைக்குரியவரிடம் 'கான்தி' எனல் வேண்டும். இஃது ஏவலுக்கே உரிய வடிவன்று, விழைவும் ஐயமும் உணர்த்தும் வினைவடிவத்தினின்று இரவலாகப் பெற்றது. பாடாதே என விலக்குங்கால் ஒருமை ஏவலும் மறைந்து, அவ்விரவல் வடிவமே 'நோ கான்திஸ்' என வந்து நிற்கும். அதனினும் நுட்பமானது பெயர்ப்பதிலிகளின் இடம். எனக்கு அதில் கொஞ்சம் கொடு என்பது 'தோன-மன்'. கொடாதே என்றதும் பின்னிருந்த 'மன்' வினைக்கு முன்னே தாவி 'நோ மன் தோனிஸ்' என்றாகும். பேச்சில் இவை தடையின்றி ஒலிக்கும். எழுதும்போது எங்கே பிரிப்பது, எங்கே சேர்ப்பது?

1913இல் கத்தலான் ஆய்வு நிறுவனம் வெளியிட்ட 24 எழுத்து விதிகள், இத்தகைய ஐயங்களைத் தீர்க்க முற்பட்டன. அவற்றின் மூளை ஃபாப்ரா. வினைக்குப் பின்வரும் பதிலியைச் சிறுகோட்டாலும், உயிர் கெட்ட இடத்தை மேற்குறியாலும் காட்டும் முறை நிலைபெற்றது. 1918இல் இலக்கணமும், 1932இல் பேரகராதியும் வெளிவந்தன. பார்சலோனாப் பேச்சுக்கே அவர் மிகுதியும் இடம் தந்தார் என்னும் குறையில் உண்மை உண்டு. வலென்சியாவில் பாடாதே என்பது இன்றும் 'நோ கான்தெஸ்' தான். எனினும் அவர்தம் எழுத்து நெறியை வலென்சிய எழுத்தாளர்கள் 1932இல் சிற்சில மாற்றங்களுடன் ஏற்றுக்கொண்டனர்.

அவர் விதிகளுக்குப் பின்னே வாளில்லை. ஏற்றோர் இசைந்தே ஏற்றனர். வாளேந்தியோர் பிறர். 1934 அக்டோபர் எழுச்சியை ஒட்டிச் சிறைக்கப்பல் ஒன்றில் அடைக்கப்பட்டார். 1939இல் பிராங்கோவின் படை கத்தலோனியாவைக் கைப்பற்றவே, எழுபது அகவை கடந்த அப்பெரியார் எல்லை தாண்டிப் பிரான்சுக்குள் புகுந்தார். அவர் நெறிப்படுத்திய மொழி, பிறந்த மண்ணின் பள்ளியிலும் அலுவலகத்திலும் விலக்கப்பட்டது.

முதுமையில் தம் இறுதி விருப்ப ஆவணத்தை எழுத எண்ணியபோது, கத்தலான் ஆட்சிமொழியாக இருந்த சிறுநாடான அந்தோராவுக்குச் சென்று, தம் மொழியிலேயே அதனை முடித்தார். 1948ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள், பிரான்சு நாட்டின் பிராதா என்னும் சிற்றூரில் மறைந்தார். அவர் விட்டுச் சென்ற மற்றோர் இலக்கணத்தை, மொழியறிஞர் கொரோமினாஸ் 1956இல் வெளிக்கொணர்ந்தார்.