பப்பான் ஊர்த் தாதி சிபில் கார்த்திகேசு

பங்சார் எல்.ஆர்.டி. நிலையத்தில் ஏறினால் நான்காவது நிறுத்தம் டாங் வாங்கி. அங்கிருந்து சற்று நடந்தால் புக்கிட் நானாஸ் மேட்டில் செயின்ட் ஜான் பேராலயம் நிற்கிறது. இன்று நாம் பார்க்கும் கட்டடம் பிற்பாடு எழுந்தது. அதற்கு முன் அங்கிருந்த பழைய தேவாலயத்தில் 1919ஆம் ஆண்டு ஜனவரி 7ஆம் தேதி ஒரு திருமணம் நடந்தது. மாப்பிள்ளை தைப்பிங்கில் பிறந்த தமிழர், மருத்துவர். பெண் சுமத்ராவின் மேடான் நகரில் பிறந்த யுரேசியப் பெண், தாதி. இந்தப் பெண்ணின் பெயரைத்தான் நாம் இன்று சிபில் கார்த்திகேசு என்று சொல்கிறோம்.

ஆங்கிலத்தில் எழுதும் முறையைப் பார்த்து நம் பிள்ளைகள் கத்திகாசு, கதிகாசு என்றெல்லாம் படிக்கிறார்கள். அது நம் கார்த்திகேசுதான். டாக்டரின் இயற்பெயர் ஆறுமுகம் கணபதிப் பிள்ளை. கத்தோலிக்கரான பிறகு அப்டன் கிளெமென்ட் கார்த்திகேசு ஆனார். இந்து மாப்பிள்ளை என்பதால் முதலில் பெண் வீட்டில் தயங்கினார்கள். பிறகு இரு வீட்டாரும் பேசித் தீர்த்துக்கொண்டார்கள்.

சிபில் பிறந்தது 1899ஆம் ஆண்டு செப்டம்பர் 3ஆம் தேதி. தந்தை ஐரிஷ் வழி வந்த யுரேசியர், தோட்டத் துறையில் இருந்தவர். தாய் பிரெஞ்சு வழி வந்தவர், மருத்துவிச்சி. தாயின் தொழிலையே மகளும் எடுத்துக்கொண்டார். கான்டனீஸ் மொழியைச் சரளமாகப் பேசுவார். பின்னாளில் அவர் உயிரோடு விளையாடிய வேலைக்கு அந்த மொழிதான் பெரிய துணையாக இருந்தது.

திருமணமான அதே ஆண்டு ஆகஸ்ட் மாதம் பிறந்த முதல் மகன் மைக்கேல், ஒரு நாள்கூட வாழவில்லை. முதல் உலகப் போரில் கலிப்போலியில் மாண்ட தம் அண்ணனின் பெயரைத்தான் சிபில் அந்தக் குழந்தைக்கு வைத்திருந்தார். பெயரும் போய், பிள்ளையும் போன வீட்டுக்கு வில்லியம் என்ற ஆண் குழந்தை தத்துப் பிள்ளையாக வந்தது. 1921இல் ஓல்கா பிறந்தாள். கடைக்குட்டி டான் பிறந்தது 1936இல், ஈப்போவில்.

1926 முதல் ஈப்போ பிரூஸ்டர் சாலையில், இன்றைய ஜாலான் சுல்தான் இட்ரிஸ் ஷாவில், கணவனும் மனைவியும் கிளினிக் நடத்தினார்கள். பேராக்கின் ஈயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனர், தோட்டத் தமிழர், கம்போங் மலாய்க்காரர் என்று எல்லாரும் வந்து போன இடம். போர் மட்டும் வராமல் இருந்திருந்தால், நாலு பேருக்கு நல்லது செய்த டாக்டர் குடும்பம் என்று ஈப்போவாசிகள் சிலர் நினைவில் வைத்திருப்பார்கள். அவ்வளவுதான்.

1941 டிசம்பர் 8ஆம் தேதி ஜப்பானியப் படை கோத்தா பாருவில் கரையேறியது. அதே மாதம் ஈப்போவில் குண்டு விழுந்தது. கார்த்திகேசு குடும்பம் மருந்துகளையும் கருவிகளையும் எடுத்துக்கொண்டு, பக்கத்தில் இருந்த பப்பான் என்ற சிறு ஈயச் சுரங்க ஊருக்குக் குடிபெயர்ந்தது. பிரதான வீதியில் 74ஆம் எண் கடைவீடு. மறு மாதம் 11ஆம் தேதி கோலாலம்பூர் விழுந்தது. பிப்ரவரி 15ஆம் தேதி சிங்கப்பூரும் விழுந்தது. அசைக்க முடியாது என்று வெள்ளைக்காரர் சொன்ன ஆட்சி எழுபது நாளில் கலைந்து போனது.

அந்த மூன்றரை ஆண்டுகளை நம் வீட்டுப் பெரியவர்கள் மரவள்ளிக் கிழங்குக் காலம் என்பார்கள். அரிசி இல்லை, துணி இல்லை, மருந்து இல்லை. வாழைமரப் படம் போட்ட நோட்டுக்கு மதிப்பும் இல்லை. பங்சார் அப்போது ரப்பர் தோட்டம். இங்கே போலவே நாடெங்கும் தோட்டங்களில் வேலை நின்று போனது. ஆண்களை லாரியில் ஏற்றிச் சயாம் ரயில் பாதைக்குக் கொண்டு போனார்கள். 415 கிலோமீட்டர் நீளப் பாதை அது. பல்லாயிரம் தமிழர்கள் திரும்பி வரவே இல்லை. அதே சமயத்தில், 1943 ஜூலையில், நேதாஜி சிங்கப்பூர் வந்து இந்திய தேசிய இராணுவத்தின் தலைமையை ஏற்றார். தோட்டத்துப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் சேர்ந்தார்கள். ஒரே தோட்டத்தில் ஒரு வீட்டுக்கு ஜப்பானியன் எமன், பக்கத்து வீட்டுக்கு இந்திய விடுதலைக்குத் துணை வந்தவன். இதை மறைத்துவிட்டு அந்தக் காலத்தைப் பேச முடியாது. எது சரி, யாரை நம்புவது என்று எவருக்கும் தெளிவாகத் தெரியாத நாட்கள் அவை.

சிபிலுக்குத் தெளிவாக இருந்தது ஒன்றுதான். காயப்பட்டவன் வாசலில் வந்து நின்றால் கட்டுப் போட வேண்டும்.

பப்பான் காடுகளில் மறைந்திருந்த கெரில்லாக்கள் இரவில் வீட்டின் பின்பக்கமாக வருவார்கள். மலாயா மக்களின் ஜப்பானிய எதிர்ப்பு இராணுவம் என்ற அந்தப் படையில் பெரும்பாலோர் சீனர், கம்யூனிஸ்டுகள். குண்டை எடுப்பது, புண்ணைக் கழுவுவது, மலேரியாவுக்கு மருந்து கொடுப்பது என்று டாக்டரும் தாதியும் விடியும் முன் வேலையை முடித்து அனுப்பிவிடுவார்கள். பகலில் வழக்கம்போல் பொதுமக்களுக்கு வைத்தியம்.

ஒரு விஷயத்தை இங்கே நின்று பார்க்க வேண்டும். சிபில் ஆழ்ந்த கத்தோலிக்கர். தினமும் ஜெபம் செய்பவர். புனித அந்தோணியார் மீது தனிப் பக்தி கொண்டவர். அவர் உயிரைப் பணயம் வைத்துக் காப்பாற்றியவர்களோ கடவுளே இல்லை என்ற கொள்கைக்காரர்கள். அவர் கேட்டுத் தெரிந்துகொள்ள விரும்பியது புண் எங்கே இருக்கிறது என்பதை மட்டும். நம்மில் சிலர் இன்று சாமி கும்பிடும் முறையில் வேறுபட்டாலே பந்தியில் பக்கத்தில் உட்காரத் தயங்குகிறோம்.

இன்னொரு ஆபத்தும் அந்த வீட்டில் இருந்தது, ஒரு வானொலிப் பெட்டி. வீட்டார் அதற்கு ஜோசபின் என்று பெண் பெயர் வைத்திருந்தார்கள். ஆள் பெயர்போல் பேசிக்கொள்ளலாம், அந்நியர் காதில் விழுந்தாலும் புரியாது. அதில் பிபிசி செய்தி கேட்டு நம்பகமானவர்களுக்கும் காட்டில் இருந்தவர்களுக்கும் சொல்லி அனுப்புவார் சிபில். பொய்ப் பிரச்சாரம் மட்டுமே காதில் விழுந்த ஊரில், போர் எங்கே எப்படிப் போகிறது என்ற உண்மைச் செய்தி அரிசியைவிட அரிதாக இருந்தது. பிடிபட்டால் தலை போகும் குற்றம்.

1943இன் நடுவில் அது நடந்தது. முதலில் டாக்டரைக் கெம்பித்தாய் என்ற ஜப்பானிய இராணுவப் போலீஸ் பிடித்துப் போனது. பிறகு சிபிலை. மகன் வில்லியமும் தப்பவில்லை.

அவருக்குச் செய்த சித்திரவதைகளை எல்லாம் வரிசையாக எழுத மனம் வரவில்லை. வயிறு வீங்கத் தண்ணீர் ஊற்றினார்கள். பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சுட்டார்கள். முதுகெலும்பில் விழுந்த அடியில் கால்கள் செயலிழந்தன. பூட்ஸ் காலால் தாடையில் உதைத்தார்கள். இதற்குத் தலைமை தாங்கியவன் யோஷிமுரா என்ற சார்ஜண்ட். காட்டில் இருப்பவர்கள் யார், ஊரில் உதவுபவர்கள் யார் என்ற பெயர்கள்தான் அவனுக்கு வேண்டும். சிபில் ஒரு பெயரும் சொல்லவில்லை.

கடைசியில் ஏழு வயது டானைக் கொண்டு வந்தார்கள். தாயைக் கம்பத்தில் கட்டினார்கள். அவர் கண் எதிரில் குழந்தையை மரத்தில் கட்டித் தொங்கவிட்டுக் கீழே நெருப்பு மூட்டினார்கள். பெயர்களைச் சொன்னால் கயிறு அறுபடாது என்பது பேரம்.

விசுவாசத்தைப் பற்றி மேடையில் பேசுவது எளிது. ஒரு பக்கம் தன் பிள்ளை. மறு பக்கம், பெயர் வெளிவந்தால் தலை போகக்கூடிய எத்தனையோ குடும்பங்களின் பிள்ளைகள். பப்பான் போன்ற சிறு ஊரில் ஒரு பெயர் இன்னொரு பெயரைக் காட்டிக் கொடுக்கும், ஊரே அழிந்துவிடும் என்பது அவருக்குத் தெரியும். அந்த நிமிடத்தில் கடவுள் கட்டாயம் வந்து காப்பாற்றுவார் என்று அவருக்கு யாரும் உறுதி எழுதிக் கொடுக்கவில்லை. ஜெபித்தார். வாய் திறக்கவில்லை. அங்கே வந்த ஜப்பானிய அதிகாரி ஒருவர் தலையிட்டார், குழந்தையை இறக்கினார்கள். சிபில் அதைத் தம் ஜெபத்துக்குக் கிடைத்த பதிலாகவே கடைசிவரை எண்ணினார். அந்த அதிகாரி வராமல் போயிருந்தால் என்ற கேள்வியைத் தாய்மார்கள் யாரும் கேட்காமல் இருக்க முடியாது. அவர் செய்தது சரியா என்று வாதாடியவர்களையும் நான் கேட்டிருக்கிறேன். பதில் சொல்ல எனக்குத் தகுதி இல்லை என்றே நினைக்கிறேன். ஆனால் கேட்டது நடந்தால்தான் நம்பிக்கை என்று அவர் வைத்திருந்தால், அதற்கு முன்பே, முதல் சில நாட்களின் அடியிலேயே அவர் பேசியிருப்பார்.

மூன்று குற்றங்கள் சுமத்தப்பட்டன. உளவு பார்த்தது, கெரில்லாக்களுக்கு வைத்தியம் பார்த்தது, வானொலி வைத்திருந்து எதிரியின் செய்தியைப் பரப்பியது. ஆயுள் தண்டனை விதித்தார்கள். பத்து காஜா சிறையில் எழுந்து நடக்க முடியாத நிலையில் கிடந்தார். கணவரும் மகனும் தனித்தனியே சிறையில்.

1945இல் ஜப்பான் சரணடைந்த பிறகு கதவு திறந்தது. நாற்பத்தாறு வயதில், பிறர் தூக்கி வைக்க வேண்டிய உடம்போடு வெளியே வந்தார். யோஷிமுராவுக்குப் போர்க்குற்ற நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. சிபிலைச் சிகிச்சைக்காக விமானத்தில் பிரிட்டனுக்குக் கொண்டு போனார்கள். அங்கே தம் அனுபவங்களை எழுதத் தொடங்கினார். சாமானியர்களின் வீரத்துக்காக 1940இல் ஏற்படுத்தப்பட்ட ஜார்ஜ் பதக்கம் அவருக்குக் கிடைத்தது. மலாயாவில் அதைப் பெற்ற ஒரே பெண் அவர்தான்.

ஆனால் அந்தத் தாடைக் காயம் விடவில்லை. அதன் விஷம் இரத்தத்தில் ஏறி 1948 ஜூன் மாதம் பிரிட்டனில் காலமானார். ஸ்காட்லாந்தின் லானார்க் ஊரில் அடக்கம் செய்தார்கள்.

அதே ஜூன் மாதம் பேராக்கில் சுங்கை சிப்புட் தோட்டங்களில் மூன்று துரைமார்கள் சுடப்பட்டார்கள். 18ஆம் தேதிக்குள் நாடு முழுவதும் அவசரகாலம் வந்தது. சிபில் குண்டு எடுத்துக் கட்டுப் போட்ட அதே காட்டுப் படையின் தோழர்கள் இப்போது தேடப்படும் எதிரிகள். அவர் சாட்சியம் எந்தப் பக்கத்துக்கும் அவ்வளவு வசதியாக இல்லாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். வெள்ளைக்கார அரசு பதக்கம் கொடுத்த பெண், கம்யூனிஸ்டுகளுக்கு மருந்து கொடுத்தவர். கம்யூனிஸ்டுகளுக்கு உதவியவர், கோயிலுக்குப் போகிறவர். எந்தப் பெட்டியிலும் அடங்கவில்லை. அவருடைய நூல், இரக்கத்தின் துளியும் இல்லை என்று பொருள்படும் ஆங்கிலத் தலைப்போடு, அவர் இறந்து ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு 1954இல்தான் வெளியானது.

1949இல் அவருடைய உடலை லானார்க்கிலிருந்து ஈப்போவுக்குக் கொண்டு வந்தார்கள். செயின்ட் மைக்கேல் தேவாலயத்துக்குப் பக்கத்துக் கத்தோலிக்க மயானத்தில், பழைய பிரூஸ்டர் சாலையிலேயே, அவர்கள் கிளினிக் நடத்திய அதே சாலையில், அவருடைய கல்லறை இருக்கிறது. ஈப்போ ஃபேர் பார்க்கில் ஒரு சாலைக்கு அவர் பெயர் உண்டு. பப்பானில் 74ஆம் எண் கடைவீட்டை அவர் நினைவாகப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். விடுமுறைக்குப் பேராக் பக்கம் போகிறவர்கள் ஈப்போவிலிருந்து பப்பானுக்குப் போனால், பெரும்பாலான வீடுகள் பூட்டிக் கிடக்கும் அந்தத் தெருவில் அதைப் பார்க்கலாம்.