இமயமலைச் சிறுமிகளுக்குப் பள்ளி தொடங்கிய லண்டன் பெண்: யார் இந்த சரளா பெஹன்?

நீங்கள் மாக் மண்டின்ல இருக்கீங்கன்னு வெச்சுக்குவோம். பக்கத்துலயே தமிழ்ப்பள்ளி இருக்கு. ஃபெர்ரி ஏறினா ஜார்ஜ் டவுன். அங்கே 1852-லேயே கான்வென்ட் பெண்கள் பள்ளி தொடங்கியாச்சு. பெண் பிள்ளை ஸ்கூலுக்குப் போறது இங்கே யாருக்கும் செய்தியே இல்லை.

ஆனா அதே கான்வென்ட் தொடங்கி 90 ஆண்டுகள் கழித்தும், இமயமலையின் குமாவுன் பகுதி கிராமங்களில் பெரும்பாலான சிறுமிகளுக்கு எழுத்து என்பது எட்டாத ஒன்றாகவே இருந்தது. அதை மாற்ற அங்கே போய்த் தங்கியவர் ஒரு லண்டன்காரர். காந்தி வழியில் வந்த அவரை மக்கள் சரளா பெஹன் என்று அழைத்தார்கள். 'பெஹன்' என்றால் இந்தியில் சகோதரி.

லண்டனில் என்ன நடந்தது?

அவருடைய இயற்பெயர் கேத்தரின் மேரி ஹைல்மன். 1901-ல் லண்டனில் பிறந்தார். அப்பா ஜெர்மானிய-சுவிஸ் வழியில் வந்தவர், அம்மா ஆங்கிலேயர்.

முதல் உலகப் போர் வந்ததும் அந்த ஜெர்மானியப் பின்னணியே குடும்பத்துக்குச் சிக்கலானது. அப்பாவை அரசு தடுப்புக் காவலில் வைத்தது. பள்ளியில் கேத்தரினை மற்றவர்கள் ஒதுக்கினார்கள். கிடைக்க வேண்டிய உதவித்தொகையும் மறுக்கப்பட்டது. படிப்பைச் சீக்கிரமே விட்டுவிட்டு வேலைக்குப் போனார். படிக்க ஆசைப்படும் பெண்ணுக்குக் கதவு மூடினா எப்படி இருக்கும்னு அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கல.

பிறகு லண்டனில் சில இந்திய மாணவர்களின் பழக்கம் கிடைத்தது. காந்தியைப் பற்றியும் விடுதலைப் போராட்டத்தைப் பற்றியும் அறிந்துகொண்டார். 1932 ஜனவரியில் இந்தியா வந்தவர், திரும்பி லண்டனில் போய் வாழவே இல்லை.

கௌசானிக்கு ஏன் போனார்?

முதலில் உதய்பூரில் ஒரு பள்ளியில் வேலை செய்தார். அடுத்து சில ஆண்டுகள் வார்தா பக்கத்தில் காந்தியின் சேவாகிராமத்தில். 1937-ல் காந்தி முன்வைத்த 'நயி தாலிம்', அதாவது ஆதாரக் கல்வி, அங்கேதான் உருவானது. கைத்தொழிலையும் பாடத்தையும் பிரிக்காமல் சேர்த்துக் கற்பிக்கும் முறை அது.

வார்தாவின் வெயிலும் மலேரியாவும் அவரைப் படுக்க வைத்தன. குளிர்ச்சியான இடம் தேவைப்பட்டதால் கௌசானிக்கு அனுப்பப்பட்டார். இன்றைய உத்தராகண்ட் மாநிலத்தில், கிட்டத்தட்ட 1,890 மீட்டர் உயரத்தில் உள்ள ஊர் அது. பினாங்கு மலையைப் போல இரண்டு மடங்குக்கும் அதிகமான உயரம்.

1942-ல் 'வெள்ளையனே வெளியேறு' போராட்டம் வெடித்தது. ஆண்கள் பலர் சிறைக்குப் போய்விட, சரளா பெஹன் மலைப்பாதைகளில் நடந்தே அவர்களுடைய குடும்பங்களைத் தேடிப் போய் உதவினார். கௌசானியை விட்டு வெளியே போகக் கூடாது என்று அரசு போட்ட தடையையும் அவர் மதிக்கவில்லை. விளைவு, சிறை. ஆங்கிலேயப் பெண்ணை ஆங்கிலேய அரசே இரண்டு முறை உள்ளே வைத்தது.

அந்த நடைப்பயணங்கள்தான் அவர் கண்ணைத் திறந்தன. விறகு, புல், தண்ணீர், வயல், மாடு என மலை வாழ்க்கையின் முழுச் சுமையும் பெண்கள் தலையில் இருந்தது. ஆனா வீட்டு முடிவுகளில் அவர்கள் பேச்சுக்கு மதிப்பில்லை.

மூன்றே மாணவிகள்

1946-ல் கௌசானியில் லட்சுமி ஆசிரமத்தைத் தொடங்கினார். நிலம் கொடுத்தவரின் மனைவி பெயர் அது. முதலில் சேர்ந்தது மூன்றே பேர்.

ஏன் அவ்வளவு குறைவு? பெற்றோர் பக்கமும் யோசிச்சுப் பாருங்க. பொண்ணு பள்ளிக்குப் போயிட்டா புல் யார் அறுப்பா? தம்பி தங்கையை யார் பார்த்துக்குவா? படிச்ச பொண்ணு வயல்ல இறங்குவாளா?

சரளா பெஹன் அந்தப் பயத்தைத் திட்டவில்லை. பாடத்தையே அதற்கேற்ப அமைத்தார். மாணவிகள் மாடு பார்த்தார்கள், தோட்டம் போட்டார்கள், நூல் நூற்றார்கள். கூடவே எழுத, படிக்க, கணக்குப் போட, கூட்டத்தில் எழுந்து பேசக் கற்றார்கள். உழைப்பைக் கேவலமாக நினைக்காத, அதே சமயம் தலை குனியாத பெண்களை உருவாக்குவதுதான் அவர் நோக்கம்.

அந்த மாணவிகள் என்ன ஆனார்கள்?

அவர்களில் ஒருவர் விமலா. 1956-ல் சுந்தர்லால் பகுகுணாவைத் திருமணம் செய்யும்போது அவர் ஒரு நிபந்தனை வைத்தார்: கட்சி அரசியலை விட்டுவிட்டு கிராமத்தில் வந்து வேலை செய்ய வேண்டும். பகுகுணா ஒப்புக்கொண்டார். 1960-களில் மலைக் கிராமப் பெண்கள் நடத்திய மதுவிலக்குப் போராட்டங்களில் விமலா முன்னால் நின்றார்.

இன்னொருவர் ராதா பட். இளம் வயதிலேயே ஆசிரமத்துக்கு வந்தவர், பின்னாளில் அதை வழிநடத்தினார். 2025-ல் அவருக்கு பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது.

1973-ல் தொடங்கிய சிப்கோ இயக்கத்தை நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். வெட்ட வந்த மரங்களைக் கட்டிப்பிடித்துக் காத்த இயக்கம் அது. 1974-ல் ரேணி கிராமத்தில் பெண்களைத் திரட்டிய கௌரா தேவி லட்சுமி ஆசிரம மாணவி அல்ல. ஆகவே எல்லாப் பெருமையையும் சரளா பெஹனுக்கே கொடுத்துவிட முடியாது. ஆனா அந்த இயக்கத்தைப் பரப்பிய பலர் அவரிடம் பயிற்சி பெற்றவர்கள்.

கடைசி நாட்கள்

ஆசிரமப் பொறுப்பை அடுத்த தலைமுறையிடம் ஒப்படைத்துவிட்டு, 1975-ல் தரம்கர் என்ற இடத்தில் ஒரு சிறிய குடிலுக்குப் போனார். 1979-ல் ஜம்னாலால் பஜாஜ் விருது பெற்றார். 1982 ஜூலை 8-ல் காலமானார். அவருடைய உடல் லட்சுமி ஆசிரமத்தில் தகனம் செய்யப்பட்டது. ஆசிரமம் இன்றும் இயங்குகிறது.

இமயமலை நமக்கு ரொம்ப தூரம்தான். ஆனா புல் யார் அறுப்பா என்ற அந்தக் கேள்வி தூரமில்லை. நம் எஸ்டேட்களிலும் பால் மரம் வெட்டப் போன அம்மாவுக்குப் பதிலா தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள, பள்ளியை விட்டு நின்ற அக்காமார் உண்டு. உங்க பாட்டி எந்த வகுப்பு வரைக்கும் படிச்சாங்க, ஏன் நின்னாங்கன்னு இன்னிக்குக் கேட்டுப் பாருங்க.