மருத்துவர் பி. ராமமூர்த்தியும் மூளை அறுவைச் சிகிச்சையும்

சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1950 அக்டோபரில் மூளை நரம்பியல் அறுவைச் சிகிச்சைப் பணியைத் தொடங்கியபோது மருத்துவர் பி. ராமமூர்த்திக்கு வயது 28. அதற்கு முந்தைய ஆண்டுதான் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் மருத்துவர் ஜேக்கப் சாண்டி இத்துறையைத் தொடங்கியிருந்தார். பள்ளத்தூரில் ஒருவருக்கு மூளைக்கட்டி என்ற ஐயம் எழுந்தால், அக்காலத்தில் குடும்பத்தினர் அவரைக் காரைக்குடியில் ரயிலேற்றிச் சென்னைக்கோ வேலூருக்கோதான் கொண்டு செல்ல வேண்டியிருந்தது.

ராமமூர்த்தி 1922 ஜனவரி 30 அன்று சீர்காழியில் பிறந்தார். தந்தையார் அரசு மருத்துவப் பணியில் இருந்தவர். திருச்சிராப்பள்ளியில் பள்ளிப் படிப்பையும் சென்னை மருத்துவக் கல்லூரியில் மருத்துவப் படிப்பையும் முடித்தார். 1947-இல் எடின்பரோவில் எஃப்.ஆர்.சி.எஸ். பட்டம் பெற்றார். பின்னர் நியூகாசில் நகரில், தலைக்காயங்கள் குறித்து நூல் எழுதிய ரோபாதம் என்னும் அறுவை மருத்துவரிடம் பயின்று தாயகம் திரும்பினார்.

அன்று ஸ்கேன் கருவிகள் இல்லை. கட்டி எங்குள்ளது என்பதை அறிய, மண்டையோட்டில் துளையிட்டு மூளையின் உள்ளறைகளில் காற்றைச் செலுத்தி எக்ஸ்ரே எடுப்பர்; அல்லது கழுத்துத் தமனியில் சாயம் செலுத்திப் படம் பிடிப்பர். பரிசோதனையே நோயாளிக்குப் பெருந்துன்பமாக இருந்தது. சி.டி. ஸ்கேன் 1971-இல்தான் இலண்டனில் முதன்முதலில் நோயாளிக்குப் பயன்பட்டது.

சென்னைக்கு வந்த மூளைக்கட்டிகளுள் கணிசமானவை புற்றுநோய் அல்ல, காசநோய்க் கட்டிகள். காசநோய் மருந்துகள் வருமுன் இவற்றை அறுத்து நீக்கினால், கிருமி மூளை உறைகளில் பரவி உயிரிழப்பு நேரும். மருந்துகள் வந்தபின் அறுவை பாதுகாப்பானதாயிற்று. ஸ்கேன் வந்தபின் பெரும்பாலான கட்டிகள் மருந்தாலேயே கரைவது தெரிந்தது. முதுகெலும்புக் காசநோயிலும் இதுவே நிகழ்ந்தது. கால்கள் செயலிழக்காத நோயாளிகளைப் பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்த சென்னைக் காசநோய் ஆராய்ச்சி மையத்தின் ஆய்வு, 6 அல்லது 9 மாத மருந்துச் சிகிச்சை பெரிய அறுவைக்கு ஈடான பலன் தருவதாக 1999-இல் தெரிவித்தது. முதுகெலும்பில் காசநோய் என்றதும் அறுவைக்கு அஞ்சி மருத்துவமனைக்கு வராதிருப்போர் இதனை அறிதல் வேண்டும்.

1960-களில் ராமமூர்த்தியும் அவருடைய குழுவினரும் மண்டையில் சட்டம் பொருத்தி, மூளையின் ஆழத்தில் குறித்த புள்ளியை மட்டும் செயலிழக்கச் செய்யும் அறுவையை மேற்கொண்டனர். ஆசியாவின் முதல் பெண் மூளை அறுவை மருத்துவர்களுள் ஒருவரான டி. எஸ். கனகா அக்குழுவில் பணியாற்றினார். நடுக்குவாதத்திற்குப் பயன்பட்ட இம்முறையின் வழிவந்ததே இன்றைய ஆழ்மூளைத் தூண்டல் சிகிச்சை.

இதே முறையைக் கட்டுக்கடங்காத மூர்க்கம் உடையவர்களுக்கும் போதைப் பழக்கத்திற்கு அடிமையானவர்களுக்கும் அவர்கள் பயன்படுத்தினர். மூர்க்கத்திற்காக 600-க்கும் மேற்பட்ட அறுவைகள் செய்யப்பட்டதை ராமமூர்த்தியே 1988-இல் வெளியிட்டார். வேறு வழியற்ற குடும்பங்களின் துயரம் அதற்குப் பின்னணியாக இருந்திருக்கலாம். ஆயினும், தம் நிலையைத் தாமே உணர்ந்து ஒப்புதல் அளிக்க இயலாதவரின் மூளையில் மீளாத மாற்றம் செய்வது சரியா என்னும் கேள்வியை, அவர் மீதுள்ள மதிப்பின் பொருட்டுத் தவிர்த்துவிட இயலாது. மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017-இன்படி, நோயாளியின் தெளிந்த ஒப்புதலும் உரிய வாரியத்தின் அனுமதியும் இன்றி மனநோய்க்காக மூளை அறுவை செய்தல் கூடாது. உறவினரின் கையொப்பம் மட்டும் போதாது.

இந்திய நரம்பியல் சங்கத்தை 1951-இல் நிறுவியோருள் அவரும் ஒருவர். 1973-இல் பத்ம பூஷண் விருது பெற்றார். அரசுப் பணிக்குப் பின் சென்னை அடையாற்றில் தன்னார்வ மருத்துவச் சேவை மருத்துவமனையில் நரம்பியல் அறுவைப் பிரிவை வளர்த்தார். 2003 டிசம்பர் 13 அன்று காலமானார்.

அவர் மறைந்து ஓராண்டு கழிவதற்குள் தலைக்காயச் சிகிச்சையில் ஒரு பழைய வழக்கம் முடிவுக்கு வந்தது. மூளை வீக்கத்தைக் குறைக்குமென நம்பி ஸ்டீராய்டு ஊசி செலுத்துவது உலகெங்கும் பல்லாண்டு வழக்கமாக இருந்தது. பல நாடுகளில் 10,008 பேரிடம் நடைபெற்ற 'கிராஷ்' ஆய்வில், ஸ்டீராய்டு பெற்றவர்களிடையே இறப்பு 21 விழுக்காடாகவும் பெறாதவர்களிடையே 18 விழுக்காடாகவும் இருந்தது. 2019-இல் வெளியான அதன் தொடராய்வு, இரத்தக்கசிவைக் கட்டுப்படுத்தும் டிரனெக்ஸாமிக் அமிலம் 3 மணி நேரத்திற்குள் செலுத்தப்பட்டால், மிதமான தலைக்காயங்களில் இறப்பு குறைவதாகக் காட்டியது. கடுமையான காயங்களில் தெளிவான பயன் தெரியவில்லை.

எனவே விபத்தில் தலையில் அடிபட்டவர் நன்றாகப் பேசிக்கொண்டிருந்தாலும், வாந்தி, கூடிவரும் தலைவலி, மயக்கம், வலிப்பு, காது அல்லது மூக்கிலிருந்து நீரோ இரத்தமோ வடிதல் ஆகியவற்றுள் ஒன்று காணப்பட்டாலும் காலை வரை காத்திராமல் 108-ஐ அழையுங்கள். அடிபட்ட நேரத்தைக் குறித்து வைத்து மருத்துவரிடம் தெரிவியுங்கள். அவர் உண்ணும் இரத்த உறைவுத் தடுப்பு மாத்திரைகள் இருப்பின் அவற்றையும் உடன் கொண்டு வாருங்கள்.